மூன்றாம் நாளைத் தாண்டுவது எப்படி?

போன இதழில் குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி எழுதும்போது, "வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். "நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும் டாக்டர், எப்படி என்று சொல்லுங்கள்" என்று பலர் எழுதிவிட்டார்கள். நியாயமான கேள்வி. நெஞ்சக நோய்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு "விட்டுவிடுங்கள்" என்று சீட்டில் எழுதுவது சுலபம். சீட்டோடு வெளியே போகிறவருக்கு அடுத்த நாள் காலை என்ன செய்வதென்று யாராவது சொல்லித்தர வேண்டும். அதனால் இந்த இதழ் முழுவதும் இதற்கே. எழுதியவர்களின் பெயர், முகவரியை எடுத்துவிட்டேன்.

வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு நாளைக்கு 12 சிகரெட். ஷிப்மென்ட் நேரத்தில் இன்னும் கூடும். எத்தனையோ தடவை விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் எப்படியோ ஓடிவிடுகிறது. மூன்றாம் நாள் தலைவலி, யார் பேசினாலும் எரிச்சல், வேலையில் மனசு நிற்பதில்லை. சாயங்காலம் டீக்கடையில் ஒன்றைப் பற்றவைத்தால்தான் உயிர் வருகிறது. எனக்கு வில்பவர் இல்லை என்கிறாள் மனைவி. உண்மைதானா?

உண்மை இல்லை தம்பி. உங்கள் உடம்புக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு இழுப்பு இழுத்தால் பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஊசியில் ஏற்றினால்கூட அதைவிட வேகமாகப் போகாது. ஆண்டுக்கணக்கில் இப்படிக் கொடுத்துப் பழக்கினால் மூளை தன் அமைப்பையே அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிக்கோடினில் பாதி இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிடும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒரு தடவை கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. நீங்கள் நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் நிக்கோடின் உடம்பை விட்டு அநேகமாக முழுக்கப் போய்விடும். எரிச்சல், தலைவலி, கவனச் சிதறல் எல்லாம் உச்சத்துக்கு வருவது அப்போதுதான். அதற்குப் பிறகு அவை குறையத்தான் செய்யும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், நான்கு வாரத்தில் அநேகமாக நின்றுவிடும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் இருப்பதிலேயே கஷ்டமான பகுதியை முழுசாகப் பட்டு அனுபவித்துவிட்டு, இனி இறக்கம்தான் என்கிற இடத்தில் திரும்பியிருக்கிறீர்கள். வில்பவர் இல்லாதவர் அத்தனை தடவை அந்த மூன்றாம் நாள் வரை வந்திருக்க மாட்டார். இதை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

சரி, இந்தத் தடவை என்ன செய்யலாம்? ஷிப்மென்ட் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, வெள்ளிக்கிழமையை விடும் நாளாக வையுங்கள். வெள்ளி காலை நிறுத்தினால் மூன்றாம் நாள் ஞாயிறு. பையர் மெயில் இல்லை, லைன் சூப்பர்வைசர் இல்லை, டீக்கடைக் கூட்டமும் இல்லை. வீட்டில் முன்கூட்டியே, "ஞாயிற்றுக்கிழமை நான் சிடுசிடுவென்று இருப்பேன், அது உங்கள் மேல் கோபம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அதற்கு முந்தைய ஒரு வாரம், ஒவ்வொரு சிகரெட்டையும் எப்போது, எங்கே, யாரோடு பிடித்தீர்கள் என்று பாக்கெட்டின் உள் அட்டையிலேயே குறித்து வையுங்கள். பன்னிரண்டில் நான்கைந்துதான் உடம்பு கேட்டுப் பிடித்தது என்பது தெரியவரும். மற்றதெல்லாம் இடமும் ஆளும் கேட்டுப் பிடித்தவை. டீக்கடையில் நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் கிளாஸை நீட்டுகிறார், வலது கை அதை வாங்குகிறது, இடது கை சும்மா இருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் லைட்டர் கயிற்றில் தொங்குகிறது. பாக்கெட்டில் இல்லாவிட்டால் நண்பர் ஒன்றை நீட்டுகிறார். இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு மனசைக் கட்டுப்படுத்துவது யாருக்கும் கஷ்டம். முதல் ஒரு மாதத்துக்கு டீயை மேஜைக்கு வரவழையுங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கடைக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடியுங்கள். வழக்கமாக நீட்டுகிற அந்த ஒரு நண்பரிடம் நேராகப் பேசுங்கள்: "ஒரு மாசம் எனக்கு நீட்டாதே. நானே கேட்டாலும் கொடுக்காதே." இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கேட்டுக்கொண்டால் நண்பர்கள் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள்.

இன்னொன்று, பல பேருக்கு யாருமே சொல்லாதது. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் காபி, டீயில் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகவேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாட்களில் குறைந்துவிடும். நீங்கள் அதே ஐந்து டீதான் குடிப்பீர்கள், ஆனால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, கைநடுக்கம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழிப்பு. "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி பிடித்துவிடுகிறார்கள். அதில் பாதி டீயின் வேலை. விடும் நாளிலிருந்து காபி, டீயைப் பாதியாக்குங்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம். இந்த ஒரு மாற்றத்துக்கே மூன்றாம் நாள் எவ்வளவு தேறுகிறது என்று பார்ப்பீர்கள்.

இதையெல்லாம் செய்தாலும் ஆசை வரும். ஒவ்வொரு தடவையும் அது சில நிமிடம்தான் நிற்கும். குளிர்ந்த தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள், எழுந்து ஃபேக்டரியை ஒரு சுற்று சுற்றுங்கள், வாயில் ஒரு கிராம்பையோ நெல்லிக்காய்த் துண்டையோ போடுங்கள். பாக்குப் பொட்டலம் மட்டும் வேண்டவே வேண்டாம். சிகரெட்டை விட்டுப் பான் மசாலாவுக்குப் போனவர்களை வாய்ப்புற்றுநோய் வார்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன், வங்கி ஊழியர், வயது 45. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. காலையில் சிகரெட் பிடிக்காவிட்டால் எனக்கு வயிறு சுத்தமாவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே விட முடியவில்லை.

கூச்சப்படவே வேண்டாம், என்னிடம் வருகிறவர்களில் பல பேர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது இதைத்தான். உங்கள் கற்பனை இல்லை. நிக்கோடின் குடலை முடுக்கிவிடும். நிறுத்தியதும் குடல் கொஞ்ச நாள் மந்தமாகும். சில வாரத்தில் தானாக இயங்கப் பழகிக்கொள்ளும்.

அதுவரை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். முதல் காபியை விட வேண்டாம், அதுவும் குடலைத் தூண்டும். காபி குடித்துப் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு, வருகிறதோ இல்லையோ தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். சாப்பாட்டில் கீரை, கொய்யா, பப்பாளி சேருங்கள். ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை பலருக்குக் கேட்கும். அதற்கும் மசியாவிட்டால் மருந்துக்கடையில் இசப்கோல் உமி கிடைக்கும், ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். மலத்தில் ரத்தம் கண்டால் மட்டும் சிகரெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

மெடிக்கலில் நிக்கோடின் சூயிங்கம் வாங்கினேன். போட்டதும் தொண்டை எரிகிறது, விக்கல், வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிட்டேன். இது ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டா? (கோவை, வயது 38)

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மெல்லும் முறையை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயரில் சூயிங்கம் என்று இருப்பதால் எல்லாரும் பபிள்கம் மாதிரி சவைத்துவிடுகிறார்கள். நிக்கோடின் மொத்தமாக எச்சிலில் இறங்கி வயிற்றுக்குப் போய்விடுகிறது. அங்கே அதனால் பிரயோஜனமும் இல்லை, எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம்.

ஒரு வில்லையை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகைக் கடித்தது போலச் சுருக்கென்று ஒரு காரம் வரும். அந்த நொடியில் மெல்லுவதை நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், வெற்றிலை போடுகிறவர்கள் ஒதுக்குகிற அதே இடத்தில், ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போனால் காரம் குறையும். மறுபடி நான்கைந்து தடவை மெல்லுங்கள், காரம் வந்ததும் இந்தத் தடவை அடுத்த கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். நிக்கோடின் கன்னத்துச் சதை வழியாகத்தான் ஏற வேண்டும், தொண்டை வழியாக அல்ல. எச்சிலை அடிக்கடி விழுங்காதீர்கள். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை, தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காபியோ ஜூஸோ குடித்தால் வாயில் புளிப்புத் தன்மை ஏறி மருந்து உறிஞ்சப்படாது.

அளவிலும் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆசை தலைக்கேறிய பிறகு ஒன்று, நாளைக்கு இரண்டு மூன்று என்று போட்டால் வேலை செய்யாது. முதல் ஆறு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மூன்று மாதத்தில் நிறுத்தலாம். 2 மில்லிகிராம் நம் ஊரில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் உண்டு. பட்டை நாள் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கும், நடுவில் ஆசை எகிறும்போது சூயிங்கம் போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

"நிக்கோடினை விட நிக்கோடினா?" என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். பழக்கத்துக்கு அடிமையாக்குவது நிக்கோடின். நுரையீரலையும் ரத்தக் குழாயையும் அரிப்பது புகையோடு வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். சூயிங்கத்தில் அவை கிடையாது.

என் கணவர் மொட்டை மாடியில் போய்த்தான் பிடிக்கிறார். ஆனாலும் நான்கு வயது மகனுக்கு மாதம் ஒருமுறை வீசிங் வருகிறது, நெபுலைசர் வைக்கிறோம். பாக்கெட்டை ஒளித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். சண்டைதான் மிச்சம். நான் என்ன செய்வது? (விழுப்புரம்)

மாடிக்குப் போகிறார் என்றால் அவருக்கும் பிள்ளை மேல் அக்கறை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள் அம்மா. மாடியில் பிடித்தாலும் சட்டையிலும் மீசையிலும் விரலிலும் புகையின் மிச்சம் வீட்டுக்குள் வரும். பிடித்து முடித்த கையோடு பிள்ளையைத் தூக்கினால் அவன் மூக்கு அப்பாவின் நெஞ்சுச் சட்டையில்தான் இருக்கும். விடுகிற வரைக்குமாவது கீழே இறங்கியதும் சட்டையை மாற்றி, கை, முகம் கழுவிவிட்டு அவனைத் தொடச் சொல்லுங்கள். இது பாதி வழி கூட இல்லை, ஆனால் இன்றே செய்யக்கூடியது.

பாக்கெட்டை ஒளிப்பதை விட்டுவிடுங்கள். ஒளித்தால் வெளியே போய் ஒன்றுக்கு இரண்டாகப் பிடிப்பார். புகைப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விட நினைப்பவர்கள்தான். "ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும், அவற்றைச் சொல்லச் சொல்ல அவருக்கே அவை உறுதியாகும். "விடணும்னு எப்போதாவது தோன்றியிருக்கா? எதனால்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவர் வாயாலேயே பிள்ளையின் பெயர் வரும். அன்றைக்கு அதோடு விடுங்கள். அடுத்த வீசிங் வரும்போது "பாருங்கள், உங்களால்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய், பிள்ளைக்கு எதனால் மூச்சு இறுகுகிறது என்று டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். குற்றவுணர்ச்சியில் இருப்பவருக்கு உடனே ஒரு வேலை கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் விடலாம் என்று அன்று இரவே இருவருமாகக் காலண்டரைப் பாருங்கள்.

பதினைந்திலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதுவும் லைட்ஸ்தான். இது போதும்தானே? (சேலம்)

குறைத்ததற்குப் பாராட்டுகிறேன், ஆனால் போதாது. இதயத்தின் கணக்கு நாம் நினைப்பது போல இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் வெளியான ஒரு பெரிய அலசலில், நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருந்தது. இருபதில் ஒரு பங்காகும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாதி! லைட்ஸ் என்பதில் ஒரு நன்மையும் கிடையாது. நிக்கோடின் குறைவாகக் கிடைத்தால் உடம்பு தானாகவே ஆழமாக இழுத்து ஈடுகட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் அந்த இரண்டும் உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டாகத்தான் இருக்கும். அந்த இரண்டு நேரத்துக்கும் மேலே சொன்ன சூயிங்கத்தை வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

நான் பெண். வயது 29, சென்னையில் ஐ.டி. வேலை. நாளைக்கு ஆறு, ஏழு. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு டாக்டரிடம் சொன்னேன், மருந்தைப் பற்றிப் பேசாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். விட்டால் உடம்பு போடும் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

உங்களுக்கு அப்படி நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். நிக்கோடினுக்கு ஆண், பெண் தெரியாது. உதவி கேட்டு வந்தவருக்கு உதவிதான் கிடைத்திருக்க வேண்டும். வேறொரு டாக்டரைப் பாருங்கள். சங்கடமாக இருந்தால் கடைசியில் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணில் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது.

எடையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கு, ஐந்து கிலோ கூடுகிறது. சிலருக்குக் கூடுவதே இல்லை. நாக்கு ருசி திரும்பும், பசி திரும்பும், கை எதையாவது தேடும். ஆபீஸ் டிராயரில் முறுக்கு பாக்கெட்டுக்குப் பதில் வறுத்த கடலை, வெள்ளரி, ஆரஞ்சு வையுங்கள். சிகரெட் இடைவேளைக்குக் கீழே இறங்குவீர்கள் அல்லவா, அந்தப் பத்து நிமிடத்தைக் கைவிடாமல் நடந்துவிட்டு வாருங்கள். சிகரெட்டை விடுகிற அதே மாதம் டயட்டையும் தொடங்க வேண்டாம். இரண்டு பசியை ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது.

கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் புகைப்பதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையும் புகையும் சேர்ந்தால் ரத்தம் உறைவது, பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றின் ஆபத்து கூடும். 35 வயதைத் தாண்டியும் புகைக்கும் பெண்களுக்கு அந்த மாத்திரையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. திருமணம், குழந்தை என்று எதுவும் திட்டத்தில் இருந்தால் அதற்கு முன்பே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

மாத்திரை இருக்கிறதாமே? இ-சிகரெட்டுக்கு மாறலாமா? (நாகர்கோவில்)

மாத்திரை உண்டு. வரெனிக்ளின், புப்ரோபியான் என்று இரண்டு. ஆசையையும் தவிப்பையும் குறைக்கும். இரண்டும் டாக்டர் சீட்டுக்குத்தான். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. மனநலத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், சிகரெட்டை நிறுத்தப்போவதை அந்த டாக்டரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கஃபீனுக்குச் சொன்ன அதே காரணத்தால் குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவரும்.

இ-சிகரெட்டை விற்பதையும் தயாரிப்பதையும் 2019-ல் சட்டமே தடை செய்துவிட்டது. கள்ளத்தனமாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தென்காசி பக்கம் கிராமம். வயது 62. நாற்பது வருஷமாகப் பீடி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று இருக்கிறேன். பேத்திதான் இதை எழுதச் சொன்னாள்.

பேத்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள் ஐயா. இனிமேல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்டு டால் என்ற மருத்துவர், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு தன் ஆய்விலேயே தெரியவந்தபோது தானும் சிகரெட்டை விட்டவர். 1951-ல் தொடங்கி அந்நாட்டு மருத்துவர்களையே அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2004-ல் வெளியான முடிவு இது: புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுக்கத் திரும்பக் கிடைத்தது. 40-ல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50-ல் ஆறு, 60-ல் விட்டவர்களுக்கும் மூன்று. உங்கள் வயதில் மூன்று ஆண்டு என்பது பேத்தியின் எத்தனை பள்ளிக்கூட விழா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயுளை விடுங்கள், மூச்சைப் பார்ப்போம். கெட்டுப்போன நுரையீரல் புதிதாகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பீடி பிடிக்கும் வரை அது வேகமாகத் தேயும். நிறுத்தினால் தேயும் வேகம் குறையும். இன்றைக்கு ஏற முடிகிற படியை ஐந்து வருஷம் கழித்தும் ஏறலாம். ஒரு வருஷத்தில் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து பாதியாகக் குறையும்.

பீடி வெறும் இலைதானே, சிகரெட்டைவிடத் தேவலை என்று உங்கள் பக்கம் சொல்வார்கள். பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த எத்தனையோ அம்மாக்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பீடி இலை வழியாகக் காற்று சரியாகப் புகாது, விட்டால் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவாக அல்ல, அதிகமாகவே உள்ளே போகின்றன. பில்டரும் இல்லை.

விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். பயந்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டு, புகையால் மரத்துக் கிடந்தவை மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் உங்களை நான் நேரில் பார்க்கவில்லை. மூச்சு வாங்குவதாகச் சொல்வதால், விடுவதற்குக் காத்திராமல் இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரேயும் நுரையீரல் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ சளிப் பரிசோதனையும் வேண்டும். புகைப்பவர்களுக்குக் காசநோயும் அதிகம் வருகிறது.

ஐந்து மாதம் தொடவே இல்லை. போன வாரம் நண்பனின் அப்பா தவறிவிட்டார். சுடுகாட்டில் நிற்கும்போது ஒருவர் நீட்டினார், பிடித்தேன். மறுநாள் இரண்டு. இப்போது பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் போச்சு டாக்டர். (ஈரோடு, வயது 41)

போகவில்லை. ஐந்து மாதம் உங்கள் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறவில்லை, மூச்சுக்குழாய் தேறியது, மூளை நிக்கோடின் இல்லாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டது. மூன்று சிகரெட்டால் அதெல்லாம் அழிந்துவிடாது. "போனது போச்சு" என்ற நினைப்பைத்தான் நான் பயப்படுகிறேன். மூன்றை முப்பதாக்குவது அதுதான். இன்று கடைசியாக விட்டு நிம்மதியாக இருப்பவர்களில் ஒரே தடவையில் விட்டவர் குறைவு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து அந்தப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். அப்படியே குப்பைக்கூடையில் போட்டால் ராத்திரி எடுத்துவிடுவீர்கள். நாளைக்குப் புதுத் தேதி பார்க்க வேண்டாம், விட்ட தேதி பழையதே. நான்கைந்து நாள் சூயிங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோடின் மறுபடி ருசி காட்டியிருப்பதால் ஒரு வாரம் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும்.

இனிமேலும் சாவு வீடு வரும், கல்யாண வீடு வரும். அங்கே ஆண்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்குகிற இடம் ஒன்று இருக்கும், உங்களுக்கே தெரியும். அங்கே நிற்காமல் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி எடுத்துப் போடுவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, பெரியவர்களை வண்டியில் கொண்டுவிடுவது. துக்கத்தில் இருக்கும் நண்பனுக்கும் அது உதவி. குடிப்பழக்கம் இருந்தால் சில மாதம் அதிலிருந்தும் விலகி இருங்கள். விட்டவர்கள் பலர் மறுபடி விழுவது ஒரு கையில் கிளாஸ் இருக்கும்போதுதான்.

டாக்டரிடம் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. இலவசமாக யாராவது வழிகாட்டுவார்களா? (அரக்கோணம்)

வழிகாட்டுவார்கள். உங்கள் சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது, படத்துக்குப் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை: 1800-11-2356. மத்திய அரசின் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். முதல் அழைப்பில் ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, முன்பு விட்டுப் பார்த்தீர்களா, எதனால் மறுபடி தொடங்கினீர்கள் என்று கேட்பார்கள். சேர்ந்து ஒரு தேதி குறிப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களே உங்களைத் திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். பீடி, ஹான்ஸ் எல்லாவற்றுக்கும் இதே எண்தான்.

நேரில் போக விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் புகையிலையை விடுவதற்கென்றே ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளர் சீட்டு போடும் இடத்தில் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் இப்படி ஒரு மையம் பல ஆண்டுகளாக நடக்கிறது. தொலைபேசி எண்ணுக்குக் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்கள், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.